கத்திரி வெயிலும் கலைமானின் கொம்பும்

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காட்டில் மே மாதத்தில் ஒரு புள்ளிமான் கூட்டம் கண்ணில் பட்டால், பிணைகளையும் குட்டிகளையும் சற்று நேரம் மறந்துவிட்டு ஆண்களின் தலையை மட்டும் பாருங்கள். ஒரு கலையின் கொம்பு முழுதாக முற்றி, பழுப்பேறி, நுனி வெளுத்து நிற்கும். அதனருகே மேயும் இன்னொன்றுக்குக் கொம்பு பாதிதான் வளர்ந்திருக்கும். நுனி மழுங்கி, குட்டை மயிர் அடர்ந்த தோல் அதைப் போர்த்தியிருக்கும். மூன்றாவதன் தலை மொட்டையாகவே இருக்கலாம்; கொம்பு உதிர்ந்த இடத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் மட்டும் தெரியும். மூன்றும் வயது வந்த ஆண்கள். ஒரே புல்லை மேய்ந்து, ஒரே குட்டையில் நீர் குடித்து, ஒரே வெயிலில் காய்பவை. கொம்பை வைத்துக் காலத்தைச் சொல்வதென்றால், மூன்றும் ஆண்டின் மூன்று வெவ்வேறு மாதங்களில் நிற்கின்றன.

இதிலுள்ள விந்தை புரிய வேண்டுமானால், மான் என்றாலே வேறு ஒழுங்கில் இயங்கும் ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்ற பெரிய மான் இருக்கிறது. ஆண் முந்நூறு கிலோவைத் தாண்டும். நம் நாட்டில் அதற்கு நெருங்கிய உறவு காஷ்மீரத்து ஹங்குல். ஸ்ரீநகரை ஒட்டிய டச்சிகாம் தேசியப் பூங்காவில் இன்னும் உயிர்பிடித்து நிற்கும், சில நூறாகச் சுருங்கிவிட்ட மான். அமெரிக்காவில் எல்க்கை வில்லால் வேட்டையாடும் பருவம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ திறக்கிறது. வில்லாளி முப்பது நாற்பது மீட்டர் தூரத்துக்குள் போனால்தான் அம்பு பயன்படும். அதனால் ஜூன், ஜூலை மாதங்களிலேயே தொலைநோக்கியோடு மலையேறி, எந்தச் சரிவில் எந்த ஆண் மேய்கிறது, எந்த நீர்நிலைக்கு வருகிறது, கொம்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது அங்கே தனிக் கலை.

அந்த முன்னோட்டம் அங்கே பலன் தருவதற்குக் காரணம், எல்லா ஆண்களும் ஒரே நாட்காட்டியில் வாழ்வதுதான். வசந்தத்தில் கொம்பு முளைக்கத் தொடங்கும். கோடை முழுக்க வளரும். ஆகஸ்டில் தோல் உரியும். செப்டம்பரில் பிணைகளுக்காகச் சண்டை. குளிர்காலம் கழியும்போது கொம்பு விழும். கோடையில் ஆண்கள் தமக்குள் சண்டையின்றிச் சிறு குழுக்களாக உயர்ந்த புல்வெளிகளில் மேய்வதால் அப்போது அவற்றைப் பார்ப்பது எளிது. ஆனால் ஜூலையில் பார்த்த இடத்தில் செப்டம்பரில் அதே ஆண் இருக்காது. ஜூலையில் அது தீனியும் குளிர்ச்சியும் பாதுகாப்பும் உள்ள இடத்தில் இருந்தது. செப்டம்பரில் பிணைகள் எங்கேயோ அங்கே போய்விடும். தேர்ந்த வேட்டைக்காரர்கள் கோடையில் ஆணை எங்கே பார்த்தோம் என்பதோடு, பிணைக்கூட்டங்கள் எங்கே மேய்கின்றன என்பதையும் குறித்துக்கொள்வது இதனால்தான்.

கொம்பு வளர்வதே ஓர் அதிசயம். விலங்குலகில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறில்லை. எல்க்கின் கொம்பு உச்ச வேகத்தில் நாளொன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளும். பெரிய ஆணின் இரு கொம்புகளும் சேர்ந்து பதினெட்டு கிலோ வரை எடை வரும். வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் தோலை வெல்வெட் என்கிறார்கள். அதனுள் ரத்த நாளங்களும் நரம்புகளும் ஓடுகின்றன. தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும், ரத்தம் வரும். அதனால் இந்த நிலையிலுள்ள ஆண்கள் கொம்பால் முட்டிக்கொள்வதில்லை. சண்டை வந்தால் பின்னங்காலில் எழுந்து முன்னங்குளம்புகளால் அடித்துக்கொள்ளும். கொம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மேய்ச்சலில் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. விலா எலும்பு போன்றவற்றிலிருந்து உடல் அவற்றைக் கடன் வாங்குகிறது. அந்தச் சில மாதங்கள் மானின் எலும்புக்கூடு மெலிந்து, பிறகு தேறும். வயதான மனிதர்களுக்கு வரும் எலும்பு மெலிவை ஒரு கலைமான் ஆண்டுதோறும் வரவழைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் குணமும் ஆகிவிடுகிறது. எலும்பு மருத்துவ ஆய்வாளர்கள் மான் கொம்பை விடாமல் ஆராய்வதற்கு இது ஒன்றே போதும்.

இத்தனையையும் ஆட்டிவைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு. அது தாழ்ந்திருக்கும்போது கொம்பு வளர்கிறது. அது ஏறும்போது கொம்பு முழுதும் கெட்டிப்பட்டு, ரத்த ஓட்டம் நின்று, தோல் காய்ந்து கிழிகிறது. மான் மரத்தில் தேய்த்து அதை உரித்தெடுக்கும். சுரப்பு மறுபடி சரியும்போது கொம்பின் அடியில் எலும்பை அரிக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஒரு நாள் கொம்பு கழன்று விழுகிறது. ஆக, முற்றிய கொம்போடு ஒரு கலை நிற்கிறதென்றால் அது இணைசேரத் தயாராக இருக்கிறது என்று பொருள். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல், நூறு மீட்டர் தள்ளி நின்று ஒரு காட்டு விலங்கின் சுரப்பு நிலையைத் தெரிந்துகொள்ள முடிவது வேறு எத்தனை உயிர்களில் சாத்தியம்?

சுரப்பை ஆட்டுவிப்பது எது? வட நாட்டு மான்களில் அது பகலின் நீளம். 1969இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காஸ் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் கண்முன் காட்டின. சீகா என்ற இன மான்களைக் கொட்டிலில் வைத்து, செயற்கை விளக்கால் பகல் நீளத்தை மாற்றினார். ஓராண்டில் நிகழும் ஏற்ற இறக்கத்தை ஆறு மாதத்துக்குள் அடக்கியபோது மான்கள் ஆண்டுக்கு இருமுறை கொம்பு வளர்த்தன. இன்னும் சுருக்கியபோது மூன்று நான்கு முறைகூட வளர்த்தன. அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். ஆண்டு முழுக்க மாற்றமே இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று வைத்தார். சீகா மான்கள் கொம்பைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டன. நீளவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்ற பகலில் அவற்றின் கடிகாரம் நின்றுபோயிற்று.

பன்னிரண்டு மணி பகல், பன்னிரண்டு மணி இரவு என்பது ஏறத்தாழ நம்முடைய வாழ்க்கை. சென்னை பதின்மூன்றாம் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். எல்க் வாழும் நாற்பத்தைந்தாம் பாகையில் அது ஏழு மணி நேரத்தைத் தொடும். சூரியனை மட்டும் நம்பியிருந்தால் தாம்பரத்து மானுக்கு எது மார்ச், எது அக்டோபர் என்று பிடிபடுவதே கடினம். புள்ளிமான் இனம் இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட விதம் அழகானது. அதன் ஒவ்வொரு ஆணும் தன் உடலுக்குள் ஏறத்தாழ ஓராண்டு ஓடும் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. அது பக்கத்து ஆணின் கடிகாரத்தோடு பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

இது வெறும் ஊகம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட புள்ளிமான்களை லவுடன், கர்லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே கோடைக்கும் குளிருக்கும் பகல் நீளம் பெரிதாக மாறுகிறது. சுற்றியுள்ள உள்ளூர் மான்களெல்லாம் சூரியனுக்குக் கட்டுப்பட்டு ஒரே நேரத்தில் கொம்பு உதிர்க்கின்றன. புள்ளிமான்களோ ஒவ்வொன்றும் தன் தன் முறைப்படி, ஒன்றுக்கொன்று ஒத்திசையாமல், கொம்பை வளர்த்து உதிர்த்துக்கொண்டிருந்தன. பூமத்திய ரேகைக்கு அருகே பழகிய உடம்பு, மூடுபனி நாட்டுக்குப் போயும் தன் ஊர்க் கணக்கைக் கைவிடவில்லை.

இதே புள்ளிமான்தான் அமெரிக்க வில்லாளிகளுக்கும் ஒரு புதிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1860களின் கடைசியில் ஹவாய் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக ஹாங்காங்கிலிருந்து கப்பலில் போன சில புள்ளிமான்கள் மொலோகாய் தீவில் விடப்பட்டன. 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இடங்களிலும் அவை பெருகின. டெக்சாஸில் அயல்நாட்டு விலங்கு என்பதால் ஆண்டு முழுவதும் வேட்டைக்குத் தடையில்லை. ஹவாயின் லானாய் தீவில் புள்ளிமானை வில்லால் வேட்டையாடத் தனிப் பருவமே உண்டு. எந்த மாதத்தில் போனாலும் முற்றிய கொம்புள்ள ஓர் ஆண் அங்கே கிடைக்கும், வெல்வெட் தோலோடு ஒன்றும் கிடைக்கும். எல்க்குக்குப் பழகிய வேட்டைக்காரர்களுக்கு இது புதிது. நம் ஊர் இடையர்களுக்கும் இருளர்களுக்கும் இதில் புதிதாக ஒன்றுமில்லை.

அப்படியானால் நம் மான்களுக்குப் பருவமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது கதவைத் திறந்து மூடும் பருவமல்ல. தென்னிந்தியப் புள்ளிமான்களில் ஆண்டு முழுவதும் குட்டி பிறக்கிறது, ஆண்டு முழுவதும் ஏதாவது ஓர் ஆண் முற்றிய கொம்போடு திரிகிறது. இருந்தாலும் கோடையிலும் தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கத்திலும் முற்றிய கொம்புகளின் பங்கு கூடுகிறது. டி.ஆர். சங்கர் ராமன், கிண்டி தேசியப் பூங்காவில் மான்களை ஆராய்ந்தவர். தென்னிந்தியப் புள்ளிமானின் கொம்புச் சுழற்சியையும் இனப்பெருக்கப் பருவத்தையும் பற்றிய அவருடைய கட்டுரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1998இல் வந்தது. அதற்கு முன்பு 1960களில் மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாவில் ஜார்ஜ் ஷாலர் செய்த ஆய்விலும் கோடைதான் இணைசேர்க்கையின் உச்சமாகப் பதிவானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிணையின் சினைக்காலம் ஏழரை முதல் எட்டு மாதம். மே, ஜூனில் சினையானால் குட்டி ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருக்கும். செங்கல்பட்டுச் சீமையில் ஏரிகள் நிறைந்து, புல் பச்சை மாறாமல், தாய்க்குப் பால் ஊறும் காலம். சூரியன் சொல்லாத நாளை இங்கே மழை சொல்கிறது. கடிகாரம் ஒவ்வொரு ஆணுக்கும் தனித்தனியாக இருந்தாலும், மழைக்கணக்குக்கு ஒட்டிவரும் ஆண்களின் குட்டிகளே அதிகம் பிழைக்கும்.

சரி, கத்திரி வெயிலில் தென்சென்னையில் ஒரு கலையைத் தேடிப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தீனி. மே மாதத்தில் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். நார் மிகுந்து சத்துக் குறைந்த தீனி. அப்போது மான்களைத் தாங்குவது மரத்திலிருந்து விழுபவை. தூங்குமூஞ்சி மரத்தின் இனிப்பான காய்கள், சீமைக்கருவேலத்தின் மஞ்சள் நெற்றுகள், ஆல், அரசம் பழங்கள், ஜூன் பிறந்தால் நாவல். தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, சீமைக்கருவேலமும் அப்படியே. நம் சூழலுக்குக் கேடு என்று சீமைக்கருவேலத்தை நாம் திட்டுவது நியாயம்தான், ஆனால் கடும் கோடையில் மான் வயிற்றை நிரப்புவதில் அதன் நெற்றுக்கும் பங்கு உண்டு. பழமுண்ணும் குரங்குகள் பாதி கடித்துக் கீழே போடுவதைப் பொறுக்க மான்கள் மரத்தடியில் காத்திருக்கும். குரங்குக் கூட்டம் எங்கே சலசலக்கிறதோ அதன் அடியில் மான் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது நீர். புள்ளிமான் கோடையில் தினமும் குடித்தாக வேண்டும். கல்லூரி வளாகம், வண்டலூர்க் காடு, கிண்டி, ஐஐடி வளாகம் என்று எங்கே போனாலும் தேங்கிய நீரைச் சுற்றி ஈரமண்ணில் குளம்புச்சுவடு பதிந்திருக்கும். ஆணின் சுவடு சற்றுப் பெரிது, நுனி மழுங்கியது. ஆனால் சுவட்டை மட்டும் வைத்து ஆண் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, கலை விட்டுச் செல்லும் அடையாளங்கள். தோல் உரிக்கும் காலத்திலும் இணைசேரும் காலத்திலும் அது சிறு மரங்களின் பட்டையைக் கொம்பால் தேய்த்து உரிக்கும். களாப் புதரிலும் காட்டு எலுமிச்சையிலும் இடுப்புயரத்தில் பட்டை கிழிந்து நார் தொங்குவதைப் பார்க்கலாம். தாழ்ந்த கிளை இருந்தால் பின்னங்காலில் எழுந்து நின்று, இலைக்கொத்துக்குள் கொம்பை நுழைத்து, கண்ணின் முன்மூலையிலுள்ள சுரப்பியால் தன் வாடையைப் பூசும். சில சமயம் கொம்பில் கொடியோ புல்லோ சிக்கித் தொங்க, அதோடேயே கூட்டத்துக்குள் நடந்துவரும். அந்திவேளையில் கேட்கும் கரகரத்த, நீண்ட கத்தல் இணைதேடும் ஆணுடையது. ஆபத்தைக் கண்டதும் எழுப்பும் குறுகிய கூவலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மானின் மூக்கு நம்மைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு எதையும் பார்க்க முடியாது. கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாம்பரத்தில் மே மாதக் காலையில் காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து வரும். நண்பகல் தாண்டியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். அதனால் காலையில் மானுக்குக் கிழக்கே இருந்து பார்க்க வேண்டும். பிற்பகலில் மேற்கே மாறிக்கொள்ள வேண்டும். கடற்காற்று தாமதமாகும் நாளில் இடையில் ஒரு மணி நேரம் காற்றே இருக்காது, வாடை எட்டுத்திசையும் பரவும். அந்த நேரத்தில் நகராமல் உட்கார்ந்திருப்பதே நல்லது. எல்க் வேட்டையாளர் மலைச்சரிவில் காலையில் கீழிறங்கும் காற்றையும் வெயிலேறியபின் மேலேறும் காற்றையும் கணக்கிடுவார். இங்கே அந்தக் கணக்கு கடலுக்கும் நிலத்துக்கும் இடையில் நடக்கிறது.

இவையெல்லாம் கூடியபின்னும் முற்றிய கொம்புள்ள கலை நாம் நினைத்த இடத்தில் இருப்பதில்லை. எல்க் ஆண் பிணைகளைச் சேர்த்து ஓர் அந்தப்புரம்போல் காவல் காக்கும். புள்ளிமான் அப்படிச் செய்வதில்லை. வலிய ஆண் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருக்கும். பருவம் வந்த ஒரு பிணை கிடைத்தால் அதை மட்டும் விடாமல் தொடர்ந்து, மற்ற ஆண்களை விரட்டி, முடிந்ததும் கிளம்பிவிடும். அதனால் இன்று பார்த்த பெருங்கலையை நாளை அதே கூட்டத்தில் காணாவிட்டால் அது செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கிண்டியில் இந்தப் பாடத்துக்கு ஒரு துணைப்பாடம் உண்டு. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆளுநர் மாளிகையை ஒட்டி, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அங்கே புள்ளிமானும் வெளிமானும் சேர்ந்து வாழ்கின்றன. வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை. எலும்பு அச்சின் மேல் நகம் போன்ற உறை மூடி, முதல் ஆண்டில் தொடங்கி வாழ்நாள் முழுக்க முறுக்கிக்கொண்டு வளரும். அதைப் பார்த்து மாதம் சொல்ல முடியாது. ஓரளவு வயதைச் சொல்லலாம். ஆணின் மேனி நிறத்தில்தான் அதன் நிலை தெரியும். இளசாக இருக்கும்போது பிணையைப் போலப் பழுப்பு. வளர வளரக் கருக்கும். வடக்கே குஜராத்தில் கன்னங்கரேலென்று ஆகும், நம் பக்கத்து ஆண்கள் அவ்வளவு கருப்பதில்லை. வெளிமான் ஆணைத் தேடுகிறவர் தேட வேண்டியது சாணக் குவியலை. எல்லை பிடிக்கும் ஆண் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணமிட்டு, அதன்மேலேயே நின்றும் படுத்தும் தன் நிலத்தை அறிவிக்கும். சில காடுகளில் பல ஆண்கள் நெருக்கமாக இப்படி இடம்பிடித்து நிற்க, பிணைகள் வந்து தேர்ந்தெடுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கவிதா ஈஸ்வரன் இந்தியாவின் பல வெளிமான் கூட்டங்களை ஒப்பிட்டு, இந்த நெருக்கம் எங்கே ஏற்படும் என்பது பிணைகள் எவ்வளவு பெரிய கூட்டமாகச் சேர்கின்றன என்பதைப் பொறுத்தது என்று 2005இல் எழுதினார். பிணை எங்கேயோ அங்கேதான் ஆண் என்ற ராக்கி மலைக் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். ஓடித் தப்பிப்பதே அதன் காவல். கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் புல்வெளி புதராகி, கட்டடமாகிச் சுருங்கச் சுருங்க அது ஒடுங்கிவிட்டது. புள்ளிமானோ புதர் ஓரத்தையும் மனிதர் நட்ட மரங்களையும் பயன்படுத்திக்கொண்டு பெருகிற்று. கிண்டிக் காட்டிலிருந்துதான் ஐஐடிக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் நிலம் போனது. மிஞ்சிய துண்டுகளுக்கு நடுவே மதிற்சுவர்கள் எழுந்தன. எல்க் கோடையில் மலையேறிப் பனிக்காலத்தில் இறங்கும்; தாம்பரத்துக் கலைக்கு மதில்வரைதான் உலகம். ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டி வேறொரு கூட்டத்தைத் தேடிப்போக அதற்கு வழியில்லை. மதிலுக்குள் தெருநாய்களின் கூட்டம், குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பை. இறந்த மானின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் உருண்டைகளை எடுப்பது நகரத்து வனக் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன வேலையாகிவிட்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம். உப்பும் உணவுவாடையும் ஒட்டியிருப்பதால் மான் அதைத் தின்கிறது. கொம்புக்கு உப்பும் சுண்ணாம்பும் தேவைப்படும் காலத்தில் ஆண்களுக்கு அந்த ஈர்ப்பு இன்னும் கூடுவது இயல்பு.

இங்கே வில்லுக்கு வேலையில்லை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைக்கூட எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை முள்ளம்பன்றியும் எலியும், மான்களுமேகூடச் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்னும், அது அங்கேயே கிடப்பதுதான் முறை. ஆனால் வேட்டை போனபின் வேட்டைக்காரரின் அறிவும் போய்விட வேண்டும் என்பதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தோல் வணிகம் தடைபட்டபின் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, திரும்ப விடத் தொடங்கினார்கள். நாடெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த நஞ்சு மூலப்பொருள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிக் கேடு செய்யும் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்ணுக்கு அகப்படாதவற்றை இவர்கள் தடம் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒடிந்த புல், புரண்ட மண், காற்றின் திசை ஆகியவற்றைப் படிக்கும் அந்த அறிவுக்கு மான் கணக்கெடுப்பிலும் ஓர் இடம் உண்டு. கணக்கெடுப்புக்கு முதுகலை மாணவர்களை அழைக்கும் நிறுவனங்கள் ஓர் இருளரையும் ஊதியம் கொடுத்து அழைக்கட்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை.

என்ன கணக்கெடுக்கலாம் என்றால், ஒவ்வொரு ஆணின் சொந்த நாட்காட்டியை. கொம்பு ஆண்டுக்காண்டு மாறும். அதை வைத்து ஓர் ஆணை இரண்டாம் ஆண்டு அடையாளம் காண முடியாது. ஆனால் புள்ளிகள் மாறுவதில்லை. ஒவ்வொரு புள்ளிமானின் விலாவிலும் புள்ளிகளின் அமைப்பு தனி. குட்டியிலிருந்து சாகும்வரை அதுவே. இடது விலாவும் வலது விலாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் இரண்டு பக்கமும் படமெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை, விடியற்காலையில், பிளாஷ் இல்லாமல், ஐம்பது மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்று, தொலைநோக்கு லென்ஸோடு எடுத்த படத்தின் கீழே நான்கு சொற்களில் ஒன்றை எழுதினால் போதும்: மொட்டை, வளர்கிறது, தோல் உரிகிறது, முற்றியது. பிணைகளோடு இருந்ததா, தனியாகவா என்பதையும் சேர்க்கலாம். மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்தால், இங்கிலாந்தில் பார்த்தது போல ஒவ்வொரு கலையும் தன் சொந்தத் தேதியை விடாமல் காக்கிறதா, அல்லது மழை பொய்த்த ஆண்டில் அந்தத் தேதி நகர்கிறதா என்பது தாம்பரம், கிண்டி, வண்டலூர்ப் படங்களிலிருந்தே தெரிந்துவிடும். 2015இல் வெள்ளம், 2019இல் வறட்சி என்று நான்கே ஆண்டு இடைவெளியில் இரு கோடிகளையும் பார்த்த நகரம் இது. மழைக்கும் கொம்புக்கும் உள்ள உறவைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தபோது கூடவே காட்டையும் காத்து வைத்தது. ஐஐடி 1959இல் தொடங்கியபோது அதன் மதிலுக்குள்ளும் மான்கள் மிஞ்சின. விலங்கியல் மாணவர்கள் கல்லூரிக்கு நடந்துபோகும் வழியிலேயே கலை நிற்கிறது. வளாகத்துக்கு ஒரு பதிவேடு, வருகிற ஜூனில் முதல் படம்.